ஓசூர் சிப்காட்ல எங்க ஆளுங்களே நடத்துற சனிக்கிழமை கிளாஸ் – என்னோட ரிவ்யூ

கோச்சிங் சென்டருக்கு ரிவ்யூ போடுறாங்க, ஆன்லைன் கோர்ஸுக்கு போடுறாங்க, கம்பெனிக்குள்ள கூட வேலை பாக்குறவங்களே சேந்து நடத்துற கிளாஸுக்கு யாரும் எழுதி நான் பாத்ததில்ல. எங்க கம்பெனில அப்படி ஒண்ணு ஓடிட்டு இருக்கு, எனக்கு அதால நிஜமாவே பிரயோஜனம் ஆச்சு, அதே நேரத்துல மனசு வெந்து போற விஷயங்களும் இருக்கு, ரெண்டையும் எழுதுறேன். கம்பெனி பேரு வேண்டாம். ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டைல வண்டிக்கு பார்ட்ஸ் பண்ற கம்பெனி, அவ்வளவு போதும். நான் பாலக்கோடு பக்கம், டிப்ளமோ மெக்கானிக்கல் முடிச்சிட்டு லைன் இன்ஸ்பெக்‌ஷன்ல இருக்கேன்.

எப்படி ஆரம்பிச்சுதுனா மெயின்டெனன்ஸ்ல ஒரு அண்ணா இருக்காரு, ஐடிஐ எலக்ட்ரீஷியனா உள்ள வந்து சர்வீஸ்லயே எல்லாம் கத்துக்கிட்டவரு. நைட் ஷிப்ட்ல மிஷின் நின்னா இவருக்கு தான் போன் போகும், தூக்கத்துல எழுந்து வருவாரு. சின்ன சின்ன ஃபால்ட்டுக்கெல்லாம் ஆபரேட்டர் பசங்களே பாத்துக்குற மாதிரி ஆகிட்டா எல்லாருக்கும் நல்லதுன்னு அவரே ரெண்டு பேர உக்கார வெச்சு சொல்லி குடுக்க ஆரம்பிச்சாரு. அப்புறம் டூல் ரூம்ல இருக்குற இன்னொரு அண்ணா, ஸ்டோர்ஸ்ல இருக்குற அக்கா, இப்படி ஒவ்வொருத்தரா சேந்து, கேன்டீன் வாசல்ல ஒரு சார்ட் ஒட்டுனாங்க. பக்கத்து பக்கத்துல ரெண்டே வரிசை தான். "எனக்கு தெரிஞ்சது", "எனக்கு கத்துக்கணும்". பேரு எழுதி ரெண்டுலயும் ஃபில் பண்ணணும். அந்த சார்ட்ட நின்னு படிச்சப்போ தான், நம்ம கூட தினமும் டீ குடிக்கிற ஆளுங்களுக்கு என்னென்ன தெரியும்னு எனக்கே தெரிஞ்சுது. பேக்கிங்ல இருக்குற ஒரு தம்பி எக்ஸெல்ல பைவட் டேபிள் போடுவேன்னு எழுதியிருந்தான், ஒடிசாலேந்து வந்த ஒரு பையன் எந்த வெல்டிங்கும் பண்ணுவேன்னு ஹிந்தில எழுதி வெச்சிருந்தான்.

கிளாஸ் சனிக்கிழமை. பி ஷிப்ட் ஆளுங்களுக்கு 2 மணிக்கு முன்னாடி ஒரு தடவ, ஏ ஷிப்ட் விட்டு வர்றவங்களுக்கு 2.30க்கு அதே பாடம் இன்னொரு தடவ. சி ஷிப்ட்காரங்க நெலம தான் பாவம், அவங்களுக்கு வாட்ஸ்அப் குரூப்ல வாய்ஸ் நோட்டும் போட்டோவும் போடுறாங்க, ஆனா அது கிளாஸ்ல உக்காந்த மாதிரி வராது.

பாடம் எப்படி எடுக்குறாங்கன்னு சொன்னா தான் நான் ஏன் இவ்வளவு சொல்றேன்னு புரியும். மெயின்டெனன்ஸ் அண்ணா ஸ்கிராப்புக்கு போக வேண்டிய ஒரு பழைய பேனல வாங்கி அதுல ஒரு காண்டாக்டர் (கரண்ட் குடுத்தா தானா இழுத்து ஆன் ஆகுற சுவிட்ச்), பச்சை சிவப்பு புஷ் பட்டன், ஒரு லேம்ப், கழட்டி போட்டிருந்த ஒரு பழைய பிஎல்சி (மிஷின இயக்குற சின்ன கம்ப்யூட்டர்) எல்லாம் மாட்டி ஒரு போர்டு செஞ்சு வெச்சிருக்காரு. முத கிளாஸ்ல பிஎல்சிய தொடவே விடல. பச்சை பட்டன அமுக்க சொன்னாரு, லேம்ப் எரிஞ்சுது, கைய எடுக்க சொன்னாரு, அணைஞ்சு போச்சு. அப்புறம் காண்டாக்டர்லயே இருக்குற ஒரு என்ஓ காண்டாக்ட்ட, அதாவது சும்மா இருக்கும்போது திறந்திருந்து காண்டாக்டர் இழுத்தா மூடிக்கிறத, பட்டனுக்கு பேரலலா ஒயர் போட்டு கொடுத்துட்டு மறுபடி அமுக்குனாரு, கைய எடுத்தும் எரிஞ்சுட்டே இருந்துச்சு. ஏன் அணையலன்னு ஒவ்வொருத்தரையா எழுந்து சொல்ல சொன்னாரு, யாரும் தப்பா சொன்னா திட்டல, ஒயர காட்டி "கரண்ட் எந்த வழியா போவுது, விரல வெச்சு காட்டு"ன்னு தான் கேட்டாரு. எல்லாருக்கும் புரிஞ்சதும் மெயின் சுவிட்ச ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணாரு. லேம்ப் எரியல. "இப்ப அது லேம்ப் இல்ல, மோட்டார்னு நெனச்சுக்கோ. கரண்ட் போன நேரத்துல ஒருத்தன் உள்ள கைய விட்டு சுத்தம் பண்றான், கரண்ட் வந்ததும் அது தானா ஓடுனா அவன் கை என்ன ஆகும்? அதுக்கு தான் இந்த ஹோல்டிங்"ன்னாரு. நான் டிப்ளமோல இந்த சர்க்யூட்ட வரைஞ்சு மார்க் வாங்குனவ, எதுக்குன்னு அன்னைக்கு தான் தெரிஞ்சுது. அடுத்த வாரம் அதே சர்க்யூட்ட பிஎல்சில லேடர்ல, அதாவது ஏணி மாதிரி படம் போட்டு ப்ரோக்ராம் பண்றதுல, போட்டு காட்டுனப்போ பத்தாவது வரைக்கும் படிச்ச ஆபரேட்டர் ஒருத்தர் தான் முதல்ல போட்டு முடிச்சாரு.

என் சைடு டிராயிங் கிளாஸ். டூல் ரூம் அண்ணா எடுக்குறாரு. எங்க லைன்ல ஒரு பார்ட்ல ஓட்டை பொசிஷன் அடிக்கடி ரிஜெக்ட் ஆகும். அவரு அதே மாதிரி ஒரு ஓட்டைய போர்டுல வரைஞ்சாரு. சைஸ் 10.0லேந்து 10.1 மில்லி, பொசிஷன் டாலரன்ஸ் 0.2 டயா (ஓட்டையோட நடு, இருக்க வேண்டிய எடத்த சுத்தி இந்த வட்டத்துக்குள்ள இருக்கணும்), பக்கத்துல ஒரு வட்டத்துக்குள்ள எம். எக்ஸ்ல 0.09 தள்ளியிருக்கு, ஒய்ல 0.08 தள்ளியிருக்கு, ஓகேவா ரிஜெக்டான்னு கேட்டாரு. ரெண்டையும் ஸ்கொயர் பண்ணி கூட்டி ரூட் எடுத்து ரெண்டால பெருக்குனா 0.24 வருது, 0.2க்கு மேல, ரிஜெக்ட்டுன்னு எல்லாரும் சொன்னோம். "ஓட்டைய அளந்தியா?"ன்னாரு. ஓட்டை 10.06 இருக்குன்னு வெச்சுக்கோ, அந்த எம் இருக்குறதால மினிமம் சைஸ விட ஓட்டை எவ்வளவு பெருசா இருக்கோ அவ்வளவும் போனஸா சேரும், 0.2ம் 0.06ம் சேந்து 0.26, அப்போ 0.24 ஓகே பீஸ். எம் போடாத டிராயிங்ல இது கிடையாது, அதையும் அழுத்தி சொன்னாரு. நல்ல பீஸ் எத்தன சிவப்பு டப்பாக்கு போயிருக்கும்னு நெனச்சா வயிறு எரியுது. டிராயிங்ல வர்ற இந்த டாலரன்ஸ் சிம்பல் முறைக்கு ஜிடி அண்ட் டின்னு பேரு, இதுக்கே கம்பெனி வெளில இருந்து ஆள் கூட்டி வந்து ரெண்டு நாள் பிபிடி போட்டாங்க, இங்கிலீஷ்ல, சிம்பல் பேரெல்லாம் சொன்னாரு, நல்லா படிச்ச மனுஷன் தான், ஆனா எங்க லைன்ல எந்த பீஸ் எதுக்கு நிக்குதுன்னு அவருக்கு எப்படி தெரியும்?

வெளி டிரெயினருக்கு சப்ஜெக்ட் தெரியும், நாம எங்க முட்டி நிக்குறோம்னு தெரியாது. கூட வேலை பாக்குறவருக்கு அது தெரியும், ஏன்னா அவரும் அதே எடத்துல முட்டி நின்னவரு.

லைன்ல நிக்குற ஆளு என்னத்த பாடம் எடுக்குறதுன்னு எங்க சூப்பர்வைசர்ல ஒருத்தர் கேட்டாரு. இது ஒண்ணும் புதுசு இல்லைங்க. நம்ம நாட்டுலயே 1958ல மத்திய தொழிலாளர் கல்வி வாரியம்னு நாக்பூர தலைமையிடமா வெச்சு ஆரம்பிச்சாங்க, தொழிலாளிங்கள்லயே ஆள் எடுத்து டிரெயினிங் குடுத்து, அவங்க திரும்ப போயி அவங்கவங்க யூனிட்ல கிளாஸ் எடுக்கணும், அது தான் அந்த திட்டமே. ஜப்பான்ல 1962ல இஷிகாவா ஆரம்பிச்சு வெச்ச குவாலிட்டி சர்க்கிளும் லைன்ல இருக்குறவங்க தானே உக்காந்து பிரச்சனைய பிரிச்சு மேய்ஞ்சது, 1980ல ஹைதராபாத் பிஎச்இஎல் கம்பெனி மூலமா அது இந்தியாக்கும் வந்துச்சு, இப்ப நம்ம எல்லா கம்பெனி சுவத்துலயும் பிரச்சனைக்கு காரணம் தேடுற ஃபிஷ்போன் படம் தொங்குது. கூகுள்ல கூட ஜி2ஜின்னு ஊழியர்களே ஊழியர்களுக்கு எடுக்குற ஏற்பாடு இருக்கு, அவங்க டிராக் பண்ற டிரெயினிங்ல 80 சதவீதம் அது வழியா தான் நடக்குதுன்னு அவங்களே சொல்லியிருக்காங்க. அங்க சரின்னா நம்ம ஓசூர் பேகேபள்ளில ஏன் சரி இல்ல.

வேலை கத்துக்குறது ஒரு பாதி தான், இன்னொரு பாதி அடுத்து எங்க போறதுங்குறது. அதுக்கு ஸ்டோர்ஸ் அக்கா தான். அவங்க பொறுமைக்கே தனியா ரேட்டிங் போடணும். மாசத்துல ஒரு சனிக்கிழமை ஒவ்வொருத்தர் கூடவும் தனியா உக்காந்து, ஸ்கில் மேட்ரிக்ஸ்ல (யாருக்கு எந்த வேலை எவ்வளவு தெரியும்னு காட்டுற போர்டு) உன் பேருக்கு நேரா இருக்குற வட்டத்துல எத்தன கால் பாகம் ஃபில் ஆகியிருக்கு, அது நெசமா, இன்னும் ஒரு கால் பாகம் ஃபில் பண்ண என்ன செய்யணும், யாருகிட்ட போய் நிக்கணும்னு பேசுவாங்க. நெறைய பேருக்கு போர்டுல தொங்குற அந்த வட்டத்துக்கும் தனக்கும் சம்மந்தம் இருக்குன்னே தெரியாது, லைன் லீடர் ஃபில் பண்ணி மாட்டுறது தானேன்னு விட்டுடுவாங்க.

படிப்பு விஷயத்துலயும் அக்கா சொன்னது பல பேரோட காச காப்பாத்தியிருக்கு. ஏஎம்ஐஇன்னு இன்ஜினியர்ங்க சங்கம் நடத்துற பரீட்சை எழுதுனா பிஇக்கு சமம்னு இன்னமும் சிப்காட்ல ஒரு பேச்சு ஓடுது. 2013 மே 31 வரைக்கும் பதிஞ்சவங்களுக்கு தான் அந்த அங்கீகாரம், அதுக்கப்புறம் சேந்தா டிகிரிக்கு சமமா எடுத்துக்க மாட்டாங்க. டிப்ளமோ, பிஇ படிக்கணும்னா வேலை பாக்குறவங்களுக்குன்னே தனி பேட்ச் நடத்த 2023-24லேந்து ஏஐசிடிஇ (டெக்னிக்கல் காலேஜுங்கள கவனிக்குற மத்திய அமைப்பு) காலேஜுங்களுக்கு அனுமதி குடுக்குது, குறைஞ்சது ஒரு வருஷ அனுபவம் வேணும், எல்லா காலேஜ்லயும் இருக்காது, ஃபீஸ் கட்டுறதுக்கு முன்னாடி அந்த வருஷ அனுமதி இருக்கான்னு கேட்டு பாத்துட்டு கட்டுங்க. காசு செலவில்லாம படிக்கணும்னா என்பிடெல் இருக்கு, ஐஐடி வாத்தியாருங்க ஆன்லைன்ல எடுக்குறது, சேர்றது ஃப்ரீ, எக்ஸாம் எழுதுனா மட்டும் ஃபீஸ். அப்ரண்டிஸா இருக்குற தம்பி தங்கச்சிங்களுக்கு அக்கா திரும்ப திரும்ப சொல்றது, அப்ரண்டிஸ் முடிச்சா கம்பெனி வேலை குடுத்தே ஆகணும்னு சட்டத்துல இல்ல, அது அந்தந்த கம்பெனி பாலிசி, அதனால இருக்குற காலத்துலயே ரெண்டு மிஷினாவது கைக்கு வர மாதிரி கத்துக்கோங்கன்னு. சர்டிபிகேட்ட பத்திரமா வாங்கி வெச்சுக்க சொல்றாங்க, அதுவும் முக்கியம்.

இன்டர்வியூ பயிற்சியும் உண்டு. எனக்கு பார்ட்ஸ துல்லியமா அளக்குற ஸ்டாண்டர்ட் ரூமுக்கு போகணும், அங்க இருக்குற சிஎம்எம்ங்குற அளக்குற மிஷின கத்துக்கணும்னு ரொம்ப நாளா ஆசை. உள்ளுக்குள்ள வேக்கன்சி போட்டப்போ டூல் ரூம் அண்ணா, அக்கா, இன்னொரு குவாலிட்டி இன்ஜினியர் மூணு பேரும் எதிர்ல உக்காந்து நெஜ இன்டர்வியூ மாதிரியே கேட்டாங்க. "நீங்க இந்த லைன்ல என்ன மாத்துனீங்க"ன்னு கேட்டதுக்கு நான் "டீம் ஒர்க்"ன்னு ஆரம்பிச்சதும் அண்ணா நிறுத்திட்டு "அந்த ஓட்டை கதைய சொல்லும்மா"ன்னாரு. நெஜ இன்டர்வியூல அதையே தான் சொன்னேன், பேப்பர் வாங்கி கணக்கும் போட்டு காட்டுனேன். இப்ப பாதி நாள் ஸ்டாண்டர்ட் ரூம்ல சிஎம்எம்ல இருக்கேன்.

இனி கஷ்டத்துக்கு வர்றேன். வேலை மாறிடுச்சு, கிரேடு மாறல, சம்பளமும் மாறல. ஏன்னு எச்ஆர்ல கேட்டா இந்த கிளாஸ் கம்பெனி டிரெயினிங் கேலண்டர்ல இல்ல, அதனால ரெக்கார்ட்ல வராதுங்குறாங்க. சரி வராதுன்னே வெச்சுப்போம், ஆனா வண்டி பார்ட்ஸ் கம்பெனிங்களுக்கான குவாலிட்டி ஸ்டாண்டர்ட் ஐஏடிஎஃப் 16949க்கு ஆடிட் வந்தப்போ எங்க சனிக்கிழமை கிளாஸ் அட்டெண்டன்ஸ் நோட்ட வாங்கிட்டு போயி, போட்டோ எடுத்து, திறமை வளர்ப்புக்கு ஆதாரம்னு ஃபைல்ல வெச்சாங்க. அந்த ஸ்டாண்டர்ட்ல ஆளுங்களுக்கு திறமை இருக்குன்னு ரெக்கார்ட் காட்டணும், அது தெரிஞ்சது தான். ஆடிட்டருக்கு காட்ட செல்லுபடி ஆகுற நோட்டு எங்க கிரேடுக்கு மட்டும் ஏன் செல்லுபடி ஆகலன்னு நாங்க எழுத்துல கேட்டிருக்கோம், இன்னும் பதில் வரல. எனக்கு இதுல ரொம்ப கோவம். சொல்லி குடுக்குற அண்ணாக்களுக்கும் அப்ரைசல்ல ஒரு வரி கூட இல்ல, வர்ற நல்ல பேரு எல்லாம் டிபார்ட்மென்ட் ஹெட்டுக்கு.

ரெண்டாவது, நேரம். எல்லாமே சொந்த நேரம். ஏ ஷிப்ட் முடிஞ்சு கம்பெனி பஸ் கிளம்பிடும், கிளாஸ் முடிஞ்சா நாங்களே டவுன் பஸ் புடிச்சு ஓசூர் பஸ் ஸ்டாண்ட் போயி அங்கேந்து ராயக்கோட்டை வழியா போற வண்டில ஏறணும், சனிக்கிழமை சாயங்காலம் பெங்களூர்லேந்து ஊருக்கு போற கூட்டம் வேற, நின்னுட்டே போகணும். ஆம்பளைங்க ரூம் எடுத்து பக்கத்துல தங்கியிருக்காங்க, வண்டி இருக்கு. பொண்ணுங்கள்ல முக்கால்வாசி பேரு ஊர்லேந்து வந்து போறவங்க. லேட்டா வந்தா வீட்டுல கேள்வி, ஹாஸ்டல்ல இருந்தா வார்டன்கிட்ட கேள்வி. சார்ட்ல "கத்துக்கணும்"னு எழுதுன பொண்ணுங்க நெறைய பேரு, கிளாஸ்ல உக்காந்தவங்க கம்மி. அவங்களுக்கு ஆர்வம் இல்லன்னு ஒருத்தர் சொன்னப்போ எனக்கு அழுகையே வந்துடுச்சு. ஒரே ஒரு பஸ்ஸ 4 மணிக்கு விட்டா தீந்துச்சு. இங்கிலாந்துல யூனியன் மூலமா கூட வேலை பாக்குறவங்களுக்கு படிப்பு ஏற்பாடு பண்றவங்க இருக்காங்க, லேர்னிங் ரெப்னு சொல்வாங்க, அந்த வேலைக்கு சம்பளத்தோட நேரம் குடுக்கணும்னு 2002ல சட்டமே போட்டாங்க. அந்த ஏற்பாட்டுக்கு கவர்மென்ட் குடுத்துட்டு இருந்த ஃபண்ட 2021ல இங்கிலாந்துல நிறுத்திட்டாங்கங்குறதும் உண்மை தான், ஆனாலும் நேரத்துக்கு சம்பளம்ங்குறது கேக்க கூடாத விஷயம் இல்லன்னு தெரிஞ்சுக்கணும். வாரத்துல ஒரு மணி நேரம், ஷிப்ட்டுக்குள்ள. அவ்வளவு தான் நாங்க கேக்குறது.

மூணாவது காண்ட்ராக்ட் ஆளுங்க. டிரெயினிங் ரூமுக்குள்ள அவங்கள விட கூடாதுன்னு ஒரு ரூல் சொல்லி கொஞ்ச நாள் தடுத்தாங்க. அந்த ஒடிசா பையன் வெல்டிங் சொல்லி குடுக்க வரலாமாம், பிஎல்சி கத்துக்க உக்கார கூடாதாம். அண்ணா அதுக்கு ஒத்துக்கவே இல்ல, போர்ட தூக்கிட்டு வந்து கேன்டீன்ல வெச்சு கிளாஸ் எடுத்தாரு. இப்பவும் பிஎல்சி கிளாஸ் கேன்டீன்ல தான், சத்தமா இருக்கும், ஃபேன் காத்து பத்தாது, ஆனா யாரு வேணா உக்காரலாம். மொழிக்கும் பிரச்சனை வரல, தமிழ்ல சொல்வாங்க, தெலுங்கு கன்னடம் பேசுறவங்க ஓசூர்ல எப்பவும் பக்கத்துலயே இருப்பாங்க, ஹிந்திக்கு அந்த வெல்டிங் பையனே சொல்லிடுவான்.

எக்ஸெல் கிளாஸ் சுமார். தம்பிக்கு தெரியும், ஆனா வேகமா போறான், ஒரே லேப்டாப்ப பத்து பேரு எட்டி பாக்குறோம். இங்கிலீஷ் மெயில் எழுதுற கிளாஸ் ஆரம்பிச்சு நின்னு போச்சு, எடுத்த இன்ஜினியர் வேற கம்பெனிக்கு போயிட்டாரு. இது தான் இந்த மாதிரி ஏற்பாட்டுல பெரிய பலவீனம், ஆள நம்பி நிக்குது, அந்த மெயின்டெனன்ஸ் அண்ணா நாளைக்கு போயிட்டா பிஎல்சி கிளாஸும் போயிடும். அதனால போன பேட்ச்ல நல்லா கத்துக்கிட்ட ரெண்டு பேர இப்பவே பக்கத்துல நிக்க வெச்சு பாதி கிளாஸ அவங்கள எடுக்க சொல்றாரு, நல்ல முடிவு.

ரேட்டிங்னா, கத்துக்குறதுக்கு 5க்கு 5, தயங்காம குடுப்பேன். கத்துக்கிட்டத வெச்சு மேல போறதுக்கு 5க்கு 2, அந்த குறைச்ச 3ம் மேனேஜ்மென்ட் கையில இருக்கு. ஐடிஐ, டிப்ளமோ முடிச்சு உள்ள வந்து ஒரே மிஷின்ல மாட்டிக்கிட்டவங்க கண்டிப்பா சேருங்க. ஒரு பேப்பர் சர்டிபிகேட் கிடைச்சா போதும்னு நெனக்கிறவங்களுக்கு இது ஒத்து வராது, இங்க அப்படி எதுவும் குடுக்குறதில்ல.

உங்க கம்பெனில ஆரம்பிக்கணும்னா முத வேலையா அந்த ரெண்டு வரிசை சார்ட்ட ஒட்டுங்க, யாருக்கு என்ன தெரியும்னு வெளிய வந்துடும். ரெண்டாவது, கிளாஸ் நடத்துறதுக்கு முன்னாடியே ஸ்கில் மேட்ரிக்ஸ்ல இத சேத்துக்குவீங்களான்னு எச்ஆர்கிட்ட மெயில்ல கேட்டு மெயில்லயே பதில் வாங்கிடுங்க, வாயால சொன்னா பத்தாது. கம்பெனி டிராயிங்க கிளாஸுக்கோ குரூப்புக்கோ எடுத்துட்டு போகாதீங்க, வேலைக்கே ஆபத்து, நாங்க எல்லாத்தையும் கையால புதுசா வரைஞ்சு தான் வெச்சிருக்கோம். அந்த ஓட்டை கணக்கு, ஹோல்டிங் சர்க்யூட், சார்ட் மாடல் மூணும் போட்டோவா என்கிட்ட இருக்கு, சிப்காட்ல எந்த கம்பெனில இருந்தாலும் சரி, கேட்டா அனுப்புறேன்.